வாடகைக்கு வீடு கேட்டு வரும் இருவர்: மற்றவர்களின் கடமை எதுவரை?

கூடல்வாசி எழுதியது:
தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்ட பால்புதுமையினரின் சமத்துவத்துக்கு மற்றவர்கள் என்ன செய்யலாம் என்று கேட்டால், அவர்களின் பெருமித மாதமான ஜூனில் முகப்புப் படத்தை வானவில் நிறத்துக்கு மாற்றுவதைத்தான் பலரும் சொல்கிறார்கள். அதில் தவறில்லை, பயன்தான் குறைவு. ஒருவரையொருவர் காதலித்து மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்களின் வழக்கை நினைவுகூருங்கள். பெற்றோர் கொடுத்த ‘காணவில்லை’ புகாரால் நெருக்கடிக்கு உள்ளான அவர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இவ்விஷயத்தில் தமக்கே போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகப் பதிவுசெய்து, உளவியலாளர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பின்னரே 2021 ஜூன் 7 அன்று உத்தரவு பிறப்பித்தார். காணாமற்போனதாகச் சொல்லப்படுவோர் வயதுவந்தவர்கள், விருப்பத்தோடு சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் பெற்று, தொல்லை தராமல் புகாரை முடித்துவிட வேண்டும் என்று அது காவல்துறைக்குச் சொல்கிறது. ஆனால் இத்தகைய புகார்கள் காவல் நிலையத்துக்குப் போகும் முன், பெரும்பாலும் பெரியப்பா, மாமா, பக்கத்து வீட்டார் எல்லாரும் கூடி ஒரு முடிவெடுத்திருப்பார்கள். “பிள்ளை நலமாக இருக்கிறாள், துரத்த வேண்டாம்” என்று சொல்லும் ஒருவர் அங்கே இருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

மாடிவீட்டார் எழுதியது:
நான் யாரையும் துன்புறுத்தியதில்லை, கேலி பேசியதும் இல்லை. அதற்கு மேல் என்னிடம் ஏன் எதிர்பார்க்கிறீர்கள்? தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆம் சட்டப்பிரிவின் பிடி 2018இலேயே தளர்ந்துவிட்டது. தன்பாலினத் திருமண உரிமையை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே ஏற்கவில்லை. நீதிமன்றம் தயங்கும் இடத்தில், சைதாப்பேட்டையில் இரண்டு வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கும் நான் முன்னே நடக்க வேண்டுமா? இரண்டு இளைஞர்கள் வந்தால் எதுவும் கேட்காமல் வீடு தருகிறேன். ஆனால் தம்பதியாக வாழப்போகிறோம் என்று சொல்லிக்கொண்டு வந்தால், மற்ற குடித்தனக்காரர்களுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கூடல்வாசி எழுதியது:
ஐயா, உங்கள் பதிலிலேயே சிக்கல் இருக்கிறது. அதே இருவருக்கு, அதே வாடகைக்கு, அதே வீட்டைத் தர நீங்கள் ஆயத்தமாக இருக்கிறீர்கள். அவர்கள் உண்மையைச் சொன்னால் மட்டும் மறுக்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் முன்பணத்தோடு சேர்த்து ஒரு பொய்யையும் வசூலிக்கிறீர்கள். யாரையும் துன்புறுத்தாதவர் என்று உங்களை நான் நம்புகிறேன். ஆனாலும் அந்தப் பொய்யை ஆண்டுக்கணக்கில் சுமக்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

கவுன்ட்டர்_எண்_மூன்று எழுதியது:
வங்கியில் பணியாற்றுபவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். 2023 தீர்ப்பை மாடிவீட்டார் பாதிதான் சொன்னார். அமைச்சரவைச் செயலாளர் தலைமையில் குழு அமைத்து நடைமுறைச் சிக்கல்களை ஆராய்வதாக அந்த வழக்கில் ஒன்றிய அரசு உறுதியளித்தது. அதன் தொடர்ச்சியாக, பால்புதுமையினர் கூட்டுக் கணக்கு தொடங்கவும், இணையரை நியமனதாரராக (நாமினி) குறிப்பிடவும் தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் நிதியமைச்சகம் தெளிவுபடுத்தியது. ரேஷன் அட்டையிலும் இணையரை ஒரே குடும்பமாகக் கருத வேண்டும் என்று மாநிலங்களுக்கு அறிவுரை சென்றது. இவ்வளவு இருந்தும், படிவத்தில் ‘உறவு’ என்ற கட்டத்தைப் பார்த்துவிட்டு, வரிசையில் நிற்பவர்கள் காதில் விழும்படி “இவர் உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று ஊழியர் உரக்கக் கேட்டால், வந்தவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள். சுற்றறிக்கையைப் படித்துவைத்திருந்து, குரலைத் தாழ்த்திப் பேசுவது என் வேலையின் ஒரு பகுதி என்று கருதுகிறேன். இதற்குப் போராளியாக இருக்கத் தேவையில்லை.

நிழல்வண்ணன் எழுதியது:
நான் தன்பாலீர்ப்பாளன். என் இணையரும் நானும் வீட்டுக்காரரிடம் ‘சித்தி மகன், பெரியம்மா மகன்’ என்று சொல்லிக்கொண்டுதான் குடியிருக்கிறோம். ஆகவே கூடல்வாசி சொல்லும் பொய் எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் ஆதரவாளர்களிடமும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. எங்களுக்காகப் பேசுகிறோம் என்ற ஆர்வத்தில், யாரைப் பற்றி யாரிடம் சொல்கிறோம் என்பதைச் சிலர் மறந்துவிடுகிறார்கள். முன்பு நான் வேலை பார்த்த இடத்தில், நல்லெண்ணம் கொண்ட ஒரு சக ஊழியர் என்னைக் கேட்காமலே மேலாளரிடம் என்னைப் பற்றிச் சொல்லி, “இவரை அன்பாக நடத்த வேண்டும்” என்று பரிந்துரையும் செய்தார். அந்தச் செய்தி என் ஊர் வரை போயிற்று. சொல்வதா வேண்டாமா என்ற முடிவு எங்களுடையது. ஆதரிப்பவர் கேலிப்பேச்சை நிறுத்தலாம், “எப்போது கல்யாணம்?” என்று துளைக்கும் அத்தையிடம் பேச்சை மாற்றலாம், இரகசியத்தை மட்டும் எங்களிடமே விட்டுவிட வேண்டும்.

செந்தாழை எழுதியது:
நிழல்வண்ணன் அவர்களே, மறைத்துக்கொள்ளும் வாய்ப்பு உங்களுக்கு இருக்கிறது. திருநங்கையான எனக்கு வாசற்படியிலேயே பதில் கிடைத்துவிடும், அதுவும் கதவைத் திறக்காமலே. திருநர் உரிமைகளுக்கான 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, வீடு வாங்குவதிலும் வாடகைக்கு எடுப்பதிலும் எங்களைப் பாகுபடுத்தக் கூடாது என்கிறது. “இப்போதுதான் வேறு ஒருவருக்குப் பேசி முடித்தோம்” என்ற ஒரு வரி அந்தச் சட்டத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. எனக்கு இப்போதைய வீடு கிடைத்தது, தோழி ஒருவர் உடன்வந்து தம் பெயரையும் எண்ணையும் கொடுத்து, “ஏதாவது என்றால் என்னைக் கேளுங்கள்” என்று சொன்னதால்தான். இன்னொருவருடைய பிணையில்தான் எனக்கு வீடு என்பது எனக்கு உவப்பானதல்ல. இருந்தாலும் இன்றைய நிலையில் அந்த உதவிக்கு மதிப்பிருக்கிறது.

மாடிவீட்டார் எழுதியது:
பொய்யை வசூலிக்கிறேன் என்ற சொல் கடுமையானது. அதை நான் ஏற்கவில்லை. குடியிருப்போர் சங்கம் என்ற ஒன்று இருக்கிறது, அதன் வாட்ஸ்அப் குழுவில் என்னவெல்லாம் எழுதப்படும் என்பது உங்களில் பலருக்கும் தெரிந்திருக்கும். அந்த இருவருக்கே அங்கே அவமானம் நேராமல் இருக்கத்தான் முன்கூட்டியே மறுக்கிறேன் என்றும் கொள்ளலாமே. வாதத்துக்காகக் கேட்கிறேன்: நான் வீடு தருகிறேன் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தத்தில் யார் பெயரைப் போடுவது? சங்கத்தில் என்ன சொல்வது?

நிழல்வண்ணன் எழுதியது:
இருவர் பெயரையும் போடுங்கள், ஐயா. ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால், அவர் இறந்துவிடும்போது ஊரிலிருந்து வரும் உறவினர்கள் மற்றவரை வெளியேற்றிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு போக எளிதாகிவிடும். சங்கத்தில் எங்களைப் பற்றி விளக்கம் எதுவும் தர வேண்டாம். யாராவது கேட்டால், “என் குடித்தனக்காரர்கள், வாடகையும் பராமரிப்புக் கட்டணமும் தவறாமல் தருகிறார்கள்” என்று சொல்லுங்கள். அதன் பிறகும் குழுவில் யாராவது கேலியாக எழுதினால், எங்களை வீட்டைக் காலி செய்யச் சொல்லும் முன் எழுதியவரிடம் பேசுங்கள். சைதாப்பேட்டையில் எந்தத் தெரு என்று தனிச்செய்தியில் தெரிவித்தால் நன்றாக இருக்கும். எங்கள் ஒப்பந்தம் தை மாதத்தோடு முடிகிறது.