ஷ்வே உறுமக்கூட இல்லை, நேராகப் பல்லைப் போட்டுவிட்டாள்

திங்கான்ஜுன்_மருமகள்

எல்லாருக்கும் வணக்கம். மியான்மரில், யாங்கோனில் திங்கான்ஜுன் பக்கம் ஐந்தாம் மாடியில் இருக்கிறோம், லிஃப்ட் இல்லாத பழைய கட்டிடம். எங்களிடம் ஷ்வே என்று ஒரு பெண் நாய் இருக்கிறது. தெருநாய்க் குட்டிதான், 2021 ஜனவரி கடைசியில் சந்தை வாசலில் கிடந்தவளை என் வீட்டுக்காரர் கைலியில் சுற்றிக்கொண்டு வந்தார், அப்போது ஆறு ஏழு வாரம் இருக்கும்.

சின்னதிலிருந்தே பயந்த சுபாவம். தட்டு கீழே விழுந்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். அது பழகிப்போன விஷயம். ஆனால் இந்த நாலைந்து மாதமாக வேறு மாதிரி ஆகிவிட்டாள். கரண்ட் போய் கீழே வரிசையாக ஜெனரேட்டர் போட ஆரம்பித்தால் நடுங்குகிறாள், வாய் திறந்து இரைக்கிறாள், முன்பெல்லாம் ஜெனரேட்டருக்குத் தலையைக்கூடத் தூக்க மாட்டாள். மேல் மாடிக்காரர்கள் சாமான் இழுக்கத் தொங்கவிட்டிருக்கும் கயிற்றில் மணி அடித்தாலும் குரைக்கிறாள். நாங்கள் வெளியே போய் வந்தால் கதவுக் கீழ்ப்பலகை பிராண்டிக் கிடக்கிறது, எங்களைப் பார்த்ததும் காதை மடக்கிக்கொண்டு குற்றவாளி மாதிரி ஒடுங்குகிறாள். தப்பு என்று தெரிந்தேதான் செய்கிறாள், திமிர் என்கிறார் அத்தை.

தடிங்ஜுட் பண்டிகையில் வெடிச் சத்தத்துக்குக் கட்டிலடியில் இருந்தவளை நாத்தனார் மகன் (நாலு வயது) காலைப் பிடித்து இழுத்தான். உறுமினாள். வீட்டுக்காரர் செருப்பால் இரண்டு போட்டார், அன்றோடு உறுமல் நின்றது, சரி, புத்தி வந்துவிட்டது என்று நினைத்தோம். நேற்று பையன் மறுபடி கிட்டே போயிருக்கிறான். உறுமவே இல்லை, சட்டென்று கையில் பல்லைப் போட்டுவிட்டாள். ஆழமில்லை, லேசாகத் தோல் கிழிந்திருக்கிறது. புத்த மடத்தில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று பேச்சு நடக்கிறது. அடுத்த வாரம் தீபாவளி வேறு. என்ன செய்யட்டும்?

மோல்மேன்_மணியம்

தங்கச்சி, நாயை அப்புறம் பார்ப்போம், முதலில் பிள்ளையைப் பார். காயத்தை சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால்மணி நேரம் கழுவணும், நேற்றே கழுவவில்லை என்றாலும் இப்போது கழுவு. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்காதே. இன்றைக்கே டாக்டரிடம் காட்டி வெறிநாய்க்கடி ஊசியைப் பற்றிக் கேள். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறோம் என்று வீட்டில் நீங்களே முடிவு பண்ண வேண்டாம், அட்டையை எடுத்துக்கொண்டு போய்க் காட்டு, அவர் சொல்லட்டும். நாயைப் பத்து நாள் வீட்டிலேயே கண்ணில் படுகிற மாதிரி வைத்துப் பார்க்கணும். மடத்தில் விட்டால் யார் பார்ப்பது? நம் நாட்டில் இந்த நோய் இன்னும் இருக்கிறது, அறிகுறி வந்துவிட்டால் கிட்டத்தட்டக் காப்பாற்ற வழியே இல்லை. கையில் கீறல்தானே என்று விட்டுவிடாதே.

பெகு_கைலி

அடியாத மாடு படியாது. செல்லம் கொடுத்தால் நாய் தன்னை வீட்டுத் தலைவன் என்று நினைத்துக்கொள்ளும். ஓநாய்க் கூட்டத்தில் எது பலசாலியோ அதுதான் தலைவன், மற்றதெல்லாம் அடங்கிப் போகும், நாயும் அதே ரத்தம். வீடியோவில் பார்த்திருப்பீர்களே, மல்லாக்கப் போட்டு அழுத்திப் பிடித்தால் அடங்கிவிடும். நான் மூன்று நாய் வளர்த்தவன்.

நாலுகால்_அக்கா

மணியம் அண்ணன் சொன்னதைச் செய்துவிட்டு வந்து இதைப் படி தங்கச்சி, கொஞ்சம் நீளமாகப் போகும். நான் ஒரு கால்நடை மருத்துவரிடம் எட்டு வருஷம் உதவியாளராக இருந்தவள், மருத்துவர் இல்லை, அதை மனதில் வைத்துக்கொள்.

முதலில் உறுமல். உறுமல் கெட்ட குணம் கிடையாது, 'எனக்குப் பயமாக இருக்கிறது, தள்ளிப் போ' என்று சொல்ல நாய்க்கு இருக்கிற வாய்ச்சொல் அது. உன் வீட்டுக்காரர் அடித்தது பயத்தை அல்ல, அந்தச் சொல்லை. பயம் உள்ளே அப்படியே இருக்கிறது, மேலே கொஞ்சம் கூடியும் இருக்கும், ஏனென்றால் இப்போது பிள்ளை கிட்டே வந்தால் செருப்பும் வரும் என்று கற்றுக்கொண்டாள். சொல்லிப் பார்த்தால் அடி விழுகிறது, அதனால் இந்த முறை சொல்லவில்லை. அவ்வளவுதான் நடந்தது. 'எச்சரிக்கையே இல்லாமல் கடித்தது' என்று எங்களிடம் வந்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் கேட்டால் இந்தக் கதைதான் வரும்.

உறுமலுக்கும் முன்னால் அவள் பத்துத் தரம் சொல்லியிருப்பாள், நமக்குப் படிக்கத் தெரியவில்லை. தூக்கமே இல்லாதபோது கொட்டாவி, சாப்பாடே இல்லாதபோது நாக்கால் மூக்கை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணால் பார்ப்பதால் கண்ணின் வெள்ளை பிறை மாதிரி தெரிவது, ஒரு முன்னங்காலைத் தூக்கி வைத்துக்கொள்வது, நனையாமலேயே உடம்பை உதறுவது. உடம்பு சட்டென்று விறைத்து அசையாமல் நின்றால் அதுதான் கடைசிப் படி. இன்னொன்று: சிமெண்டுத் தரையில் ஈரக் காலடித்தடம் பதிகிறதா பார், நாய்க்குப் பாதத்தில் வியர்க்கும், பதற்றத்திலும் வியர்க்கும்.

குற்றவாளி முகம் பற்றி. 2009ல் நியூயார்க்கில் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் 14 நாய்களை வைத்துச் சோதித்தார். வளர்ப்பவர் பிஸ்கட்டைத் தின்னாதே என்று சொல்லிவிட்டு வெளியே போகணும். அவர் இல்லாதபோது சில நாய் தின்றது, சிலதிடமிருந்து பிஸ்கட்டை எடுத்து மறைத்துவிட்டார்கள், திரும்பி வருபவரிடம் உண்மையையும் சொன்னார்கள், பொய்யையும் சொன்னார்கள். குற்ற முகம் காட்டியது தின்ற நாய் இல்லை, திட்டு வாங்கிய நாய். தின்னாமல் திட்டு வாங்கியதுதான் அதிகமாகவே ஒடுங்கியது. ஷ்வே கதவுப் பலகையை நினைத்து வருந்தவில்லை, உன் முகத்தைப் படித்து ஒடுங்குகிறாள். நீ வரும்போது கதவைப் பார்க்கும் முகம் அவளுக்குப் பழக்கமாகிவிட்டது.

அப்புறம் அந்தப் பாத்திரச் சத்தம். தேதியைக் கவனித்தாயா? 2021 ஜனவரி கடைசியில் ஆறு ஏழு வார வயது. நாய்க்குட்டிக்கு மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரை ஒரு பருவம், அதற்குள் எதைப் பயமில்லாமல் பார்க்கிறதோ கேட்கிறதோ அது வாழ்நாளுக்கும் சாதாரணம், எதில் மிரள்கிறதோ அது ஆழமாகப் பதிகிறது. இதை 1965லேயே ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் வருஷக்கணக்காக நாய்களை வளர்த்துப் பார்த்து எழுதிவிட்டார்கள். அந்தப் பிப்ரவரியில் ராத்திரி எட்டு மணியானால் நம் தெருக்களில் என்ன சத்தம் கேட்டது என்று உனக்கே தெரியும், ராணுவம் ஆட்சியைப் பிடித்ததை எதிர்த்து வீட்டுக்கு வீடு தட்டும் சட்டியும் தட்டினோம். நமக்கு 20,000 ஹெர்ட்ஸோடு காது முடிகிறது, நாய்க்கு 45,000 வரை கேட்கும். எட்டு வாரக் குட்டிக்கு அது எப்படி இருந்திருக்கும் யோசி.

ஆனால் என்னை உறுத்துவது அது இல்லை. அது பழைய பயம். ஜெனரேட்டருக்குச் சும்மா இருந்த நாய் ஐந்து வயதை நெருங்கும்போது திடீரென்று அதற்கும் நடுங்குகிறது என்றால் உடம்பில் வலி இருக்கிறதா பார்க்கணும். 2018ல் இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகக்காரர்களும் பிரேசில்காரர்களும் சேர்ந்து சத்தத்துக்குப் பயப்படும் 20 நாய்களை, மூட்டு, தசை வலி உள்ளது பத்து, இல்லாதது பத்து என்று எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வலி உள்ள நாய்களுக்குச் சத்தப் பயம் வயது ஏறியபிறகு ஆரம்பித்திருந்தது, ஒரு சத்தத்தோடு நிற்காமல் இடம், மற்ற நாய்கள் என்று பரவியும் இருந்தது. திடுக்கிட்டுத் துள்ளும்போது வலிக்கிற இடம் சுரீர் என்கிறது, அந்த வலியைச் சத்தத்தோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுகிறது என்பது அவர்கள் ஊகம். பையன் இழுத்தது எந்தக் கால்? பின்னங்காலா? ஐந்து மாடி ஏறும்போது நின்று நின்று ஏறுகிறாளா? எனக்கு இது தெரியணும்.

பெகு தம்பிக்கு: ஓநாய்த் தலைவன் கதை 1947ல் ஷெங்கல் என்பவர் சுவிட்சர்லாந்தில் கூண்டில் சேர்த்து அடைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியது. அதைப் பரப்பியவர்களில் ஒருவரான டேவிட் மெக், காட்டு ஓநாய்களை வருஷக்கணக்காகப் பார்த்துவிட்டு, 1999ல் அது தப்பு, காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா அம்மா பிள்ளைகள்தான் என்று எழுதினார். சொன்னவரே மாற்றிக்கொண்டார், வீடியோக்காரர்கள்தான் விடமாட்டேன் என்கிறார்கள். மல்லாக்கப் போட்டு அழுத்தினால் 'அடங்குகிற' நாய் அடங்கவில்லை, உறைந்து போகிறது.

பெகு_கைலி

சரிக்கா, ஓநாயை விடுங்கள். என் மூன்று நாயும் அடி வாங்கித்தான் வளர்ந்தது, யாரையும் கடித்ததில்லையே. நன்றாக வாலாட்டிக்கொண்டுதான் இருந்தன.

நாலுகால்_அக்கா

வாலாட்டினால் சந்தோஷம் என்று நினைப்பதே பாதிப் பிரச்சினை தம்பி. கிளர்ச்சியாக இருந்தால் வால் ஆடும், கோபத்திலும் ஆடும். விறைத்து மேலே நிற்கும் வால் சின்னதாக வேகமாக ஆடினால் நான் கையை நீட்ட மாட்டேன். இத்தாலியில் 2007ல், வளர்ப்பவரைப் பார்த்தால் வலப்பக்கமாகவும், தெரியாத முரட்டு நாயைப் பார்த்தால் இடப்பக்கமாகவும் கூடுதலாக ஆட்டுகிறது என்று கேமரா வைத்து அளந்தார்கள், வெறுங்கண்ணால் அதைக் கண்டுபிடிக்க முயன்று நான் தோற்றுப்போனேன், அதனால் அதை விடு.

அடி விஷயத்துக்கு, போர்ச்சுகலில் 92 வீட்டு நாய்களைப் பார்த்து 2020ல் வெளியிட்டார்கள். கத்தியும் கழுத்துப்பட்டையைச் சுண்டியும் பழக்கிய நாய்களிடம் பயிற்சி நேரத்தில் நான் மேலே சொன்ன அறிகுறிகள் அதிகம், பயிற்சி முடிந்து எச்சிலில் பார்த்தால் பதற்றத்தில் சுரக்கும் கார்டிசோலும் ஏறியிருந்தது. அதைவிட எனக்குப் பிடித்தது கிண்ணச் சோதனை. ஒரு பக்கம் வைத்த கிண்ணத்தில் தீனி இருக்கும், மறுபக்கம் வைத்ததில் இருக்காது என்று பழக்கிவிட்டு, நடுவில் ஒரு கிண்ணத்தை வைத்தார்கள். தீனி கொடுத்துப் பழக்கிய நாய் வேகமாகப் போகிறது, கடுமையாகப் பழக்கிய நாய் தயங்கித் தயங்கிப் போகிறது. 'அதில் எங்கே இருக்கப் போகிறது' என்ற மனசு. உன் மூன்றும் கடிக்கவில்லை, நல்லது, அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

போட்டடாங்_தாத்தா

நான் படித்தவன் இல்லை. இருபது வருஷமாகக் காலையில் தெருநாய்களுக்கும் மடத்து நாய்களுக்கும் சோறு வைக்கிறேன், பைரவர் வாகனம் என்று என் அம்மா பழக்கியது. ஒன்று சொல்கிறேன் அம்மா, வீட்டுக்குள் வளர்ந்த நாயைக் கொண்டுவந்து மடத்தில் விடாதே. மனசார நல்லது செய்வதாக நினைத்து விட்டுப் போகிறார்கள், அங்கே இருக்கிற கூட்டம் அதைச் சேர்ப்பதில்லை, மூலையில் கிடந்து இளைத்துப்போகிறது. இந்த வருஷத்தில் மட்டும் அப்படி நான்கு பார்த்துவிட்டேன்.

இன்னொன்று. தெருநாய்க்குத் தீனி குறைவு, சொறி உண்டு, ஆனால் வெடிச் சத்தம் வந்தால் அது தானாக ஓடி, தனக்குப் பிடித்த இடத்தில் படுத்துக்கொள்ளும். உங்கள் ஐந்தாம் மாடி நாய்க்கு ஓட இடமில்லை. ஒரு மூலையாவது அதற்கென்று விடுங்கள். கீழே கூட்டிப்போனால் இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள், மோந்து பார்க்க விடுங்கள், அதற்கு அதுதான் பேப்பர் படிப்பது.

நாலுகால்_அக்கா

தாத்தா சொன்ன இரண்டும் சரி. மோப்பம் பிடிக்கிற விளையாட்டை இரண்டு வாரம் பழகிய நாய்கள் அதே கிண்ணச் சோதனையில் முன்னைவிட வேகமாகப் போனதாக ஹோரோவிட்ஸும் இன்னொருவரும் 2019ல் எழுதியிருக்கிறார்கள். மாடி இறங்க முடியாத நாளில் பழைய துணியில் கருவாட்டுத் துண்டை முடிந்து வீட்டிலேயே தேடவிடு.

தீபாவளிக்கு: கட்டிலடியே அவள் மூலை, பையன் அந்த அறைக்குள் வரவே கூடாது, கதவைச் சாத்து. ஜன்னலை மூடு, மின்விசிறியோ ரேடியோவோ ஓடட்டும். பயந்து வந்து ஒட்டிக்கொண்டால் தடவிக்கொடு, தடவினால் பயம் கூடும் என்பது கட்டுக்கதை, பயம் என்பது பரிசு கொடுத்து வளர்க்கிற வித்தை இல்லை. வரவில்லை என்றால் நீ போய் இழுக்காதே. மருந்து வேண்டுமென்றால் முன்கூட்டியே மருத்துவரைக் கேள், வீட்டில் இருக்கிற மனிதர் மாத்திரை வேண்டாம். அசிப்ரோமசின் மட்டும் எழுதித் தந்தால் பயத்துக்கு இது போதுமா என்று கேட்டுவிடு, அது உடம்பை மந்தமாக்கும், காதையும் பயத்தையும் அப்படியே விட்டுவிடும்.

திங்கான்ஜுன்_மருமகள்

தாமதத்துக்கு மன்னிக்கணும். பையனுக்கு அன்றைக்கே ஊசி ஆரம்பித்துவிட்டோம் மணியம் அண்ணே, இப்போது நன்றாக இருக்கிறான். ஷ்வேயும் பத்து நாள் தாண்டி நன்றாகச் சாப்பிடுகிறாள்.

அக்கா, பின்னங்கால்தான். இடது. நீங்கள் கேட்டபிறகு யோசித்தால் மூன்றாம் மாடித் திருப்பத்தில் ஒவ்வொரு நாளும் நிற்கிறாள், சோம்பேறித்தனம் என்று இழுத்துக்கொண்டு ஏறியிருக்கிறேன். மருத்துவர் இடுப்பைத் தொட்டுப் பின்னுக்கு நீட்டியதும் நாக்கால் மூக்கை நக்கினாள், முகத்தைத் திருப்பினாள், கண்ணில் அந்த வெள்ளைப் பிறை. நான் 'டாக்டர் போதும்' என்று கத்திவிட்டேன், அவர் சிரித்தார். இடுப்பு மூட்டு தேய்ந்திருக்கிறது, வலி மாத்திரை தொடங்கியிருக்கிறோம், எடை குறைக்கச் சொன்னார். தீபாவளிக்குத் தனியாக ஒரு மாத்திரை கொடுத்தார். முழுக்கப் பயம் போகவில்லை, நடுங்கினாள், ஆனால் இரைப்பு இல்லை, பத்து மணிக்கு வெளியே வந்து தண்ணீர் குடித்தாள்.

நேற்று வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டை எடுக்கக் குனிந்தபோது மெல்ல உறுமினாள். அவர் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்து, 'பேசிவிட்டாள்' என்றார். அத்தைக்கு மட்டும் இன்னும் நம்பிக்கை வரவில்லை, ஆனால் மூன்றாம் மாடித் திருப்பத்தில் அவரும்தான் நிற்கிறார், இரண்டு பேரும் சேர்ந்து நின்று ஏறட்டும் என்று விட்டுவிட்டேன்.

பெகு அண்ணே, உங்கள் நாய்கள் ஒன்றுக்காவது கொட்டாவி அதிகமா?

பெகு_கைலி

இப்போது இருப்பது ஒன்றுதான். காலையிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், நான் குரலை உயர்த்தினால் ஒவ்வொரு முறையும் கொட்டாவி விடுகிறது. இவ்வளவு நாளும் நான் பேசினால் இதற்குத் தூக்கம் வருகிறது என்றுதான் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.