புதுப்பிப்பு: அடுத்து படிக்கப்போகும் நாவல்கள்

போன பதிவில் பூமணியின் அஞ்ஞாடி, ஜோ டி குருஸின் கொற்கை, ஜெயமோகனின் வெள்ளை யானை மூன்றையும் அடுத்து படிக்கப்போவதாக எழுதியிருந்தேன். வரிசை மாறிவிட்டது.

முதலில் கொற்கைதான். 2013 சாகித்திய அகாதமி விருது வாங்கியது என்பதற்காக இல்லை. ஜோ டி குருஸின் ஆழி சூழ் உலகு படித்தபோது பரதவர் என்ற கடலோர மீனவர்களின் பேச்சு பிடிபடக் கொஞ்சம் நேரம் ஆனது, பிடிபட்ட பிறகு கீழே வைக்க முடியவில்லை. கொற்கை தூத்துக்குடித் துறைமுகத்தின் கதை. ராயபுரத்தில் ராத்திரியெல்லாம் கண்டெய்னர் லாரி சத்தம் கேட்டே தூங்குகிற எனக்குத் துறைமுகக் கதை என்றால் தனி ஆசை.

வெள்ளை யானை இரண்டாவது. 1876–78 பஞ்சகால மதராஸ், ஐஸ்கட்டி சேமித்துவைத்த ஐஸ் ஹவுஸின் தொழிலாளர்கள். நம்ம ஊர் ஆச்சே.

புதிதாகச் சேர்ந்தது ப. சிங்காரத்தின் புயலிலே ஒரு தோணி. "இதை விட்டுட்டு என்ன பட்டியல் போடுறே?" என்று பதிலில் ஒரு அண்ணன் உரிமையோடு திட்டினார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்தோனேசியாவின் மேடான், மலேசியாவின் பினாங்கு. சிங்காரம் எழுதியதே இரண்டு நாவல்தான், இன்னொன்று கடலுக்கு அப்பால். திருவொற்றியூர் மின்சார ரயிலில் முதல் சில பக்கம் புரட்டினேன். தெருவும் கடையும் கூட்டமுமாக வந்துகொண்டே இருந்தது. சரி, கொற்கை முடியட்டும் என்று மூடிவிட்டேன்.

அஞ்ஞாடி ஆயிரம் பக்கத்துக்கு மேல். நின்றுகொண்டு போகிற ரயிலுக்கு அது ஆகாது. பொங்கல் லீவுக்குத் தள்ளிவைத்திருக்கிறேன். அதற்குள் யாராவது கடன் கேட்டால், இப்போதே சொல்லிவிடுகிறேன், கிடையாது.