ஆர்கேட் பட்டன் விளக்கு மங்கலா எரியுது, ரெண்டு எரியவே இல்ல

யீஷுன் அப்பா:
வணக்கம். ஜூன் லீவுக்குள்ள ரெண்டு பேர் வீடியோ கேம் ஆடுற ஆர்கேட் பெட்டி செஞ்சு தர்றேன்னு மகன்கிட்ட வாய விட்டுட்டேன். பிளைவுட்ல ஓட்டை போட்டு (பட்டப்பகல்லதான் போட்டேன், இருந்தும் கீழ்வீட்டு ஆண்ட்டி ஏறி வந்துட்டாங்க) விளக்கு வச்ச பட்டன் 16 மாட்டியாச்சு. உள்ள ராஸ்பெர்ரி பைங்கிற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு. ஆட்டம் ஜோரா ஓடுது. விளக்குதான் மானத்த வாங்குது. பையோட 2ஆம் முள்ளுல 5 வோல்ட் எடுத்துக் கொடுத்திருக்கேன். 14 பட்டன் சாமி ரூம் நைட் லேம்ப் மாதிரி எரியுது, ரெண்டு செத்துக் கிடக்குது. பழைய ரவுட்டரோட 12 வோல்ட் அடாப்டர் ஒண்ணு சும்மா இருக்கு. அத அதே வயர்ல கொடுத்துடலாமா?

ஜாலான் புசார் தாத்தா:
தம்பி, மொதல்ல அந்த அடாப்டரத் தூக்கி அலமாரியில வைங்க. பையோட ஜிபிஐஓ கால் (பட்டன் சிக்னல் வாங்குற முள்) 3.3 வோல்ட்டுக்கு மேல தாங்காது. அந்த 5 வோல்ட் முள்ளுல 12 ஏறினா போர்டே போச்சு.

உங்க பட்டன் 12 வோல்ட்டுக்குச் செஞ்சது. அடியில விளக்குப் பிடிப்பானைத் திருகி வெளிய எடுங்க. எல்இடி காலோட, கரண்ட்டக் குறைக்கிற குட்டி ரெசிஸ்டர் மடிச்சுக் கிடக்கும். மஞ்சள், ஊதா, பழுப்புன்னு கோடு இருந்தா 470 ஓம். வெள்ளை எல்இடிக்கே 3.2 வோல்ட் கிட்ட வேணும். 5ல மிச்சம் 1.8. அத 470ஆல வகுத்தா 4 மில்லிஆம்ப் கூட வரல, அதான் அழுது வடியுது. வெள்ளை, நீலம், பச்சைக்கு 100 ஓம் மாத்துங்க. சிவப்பு, மஞ்சளுக்கு 2 வோல்ட்டே போதும், அதுக்கு 150. எல்லாத்துக்கும் 100ன்னு சோம்பேறித்தனமா போட்டா சிவப்புல 30 மில்லிஆம்ப் ஓடும், சீக்கிரம் போயிடும். சிம் லிம் டவர் எலக்ட்ரானிக்ஸ் கடைங்கள்ல ரெசிஸ்டர் சில்லறைக் காசுதான்.

எரியாத ரெண்டும் அனேகமா தலைகீழா இருக்கும். எல்இடியை உருவி அரைச் சுத்து திருப்பிச் செருகுங்க.

காப்பிக்கடை சால்டர்:
தாத்தா சொல்றது சரி. ஆனா 16 ரெசிஸ்டர் மாத்துறதுக்கு இடுப்பு விட்டுடும். பட்டன்ல சுவிட்ச் கால் வேற, விளக்குக் கால் வேற, உள்ள ஒண்ணுக்கொண்ணு தொடர்பே கிடையாது. விளக்குக் காலுக்கு மட்டும் 12 வோல்ட்டத் தனியா ஓட்டுங்க, பையோட எந்த முள்ளுக்கும் போகக் கூடாது. என்னுது ரெண்டு வருஷமா அப்படித்தான் ஓடுது. 12 வோல்ட்டுக்கு மஞ்சள் வயர், சுவிட்சுக்குக் கறுப்பு.

ஜாலான் புசார் தாத்தா:
வேலை தெரிஞ்சவங்களுக்குச் சரி. அங்க ஒரு பையன் இருக்கான், பெட்டிய அவன் திறக்காம இருப்பானா? ஒரு ஸ்பேட் கனெக்டர் (வயர் நுனியில இருக்குற செருகு தகடு) கழண்டு பக்கத்துக் கால்ல பட்டா என்ன ஆகும்? மொத்தமே 16 பட்டன், ஆளுக்கு 20ன்னாலும் 320 மில்லிஆம்ப். பைக்கு நல்ல அடாப்டர் இருந்தா 5 வோல்ட்லயே முடிஞ்சிடும்.

யீஷுன் அப்பா:
தாத்தா வழியிலயே போனேன். பையன் திறப்பான்னு எப்படித் தெரிஞ்சுதோ, நான் காப்பி வாங்கப் போன நேரத்துல திறந்துட்டான். மூணு ராத்திரி சால்டரிங், விரல்ல ஒரு கொப்புளம். திருப்பிச் செருகினதும் செத்த ரெண்டுல ஒண்ணு எரிஞ்சுது, இன்னொண்ணுல வயரே நழுவிக் கிடந்திருக்கு. இப்ப புதுப் பிரச்சினை: ஹால்ல லைட்ட அணைச்சா நாலு வெள்ளைப் பட்டனும் கண்ணக் கூசுது. வீட்டுக்காரி மேல ஒரு துண்டைப் போட்டு மூடிட்டா.

ஜாலான் புசார் தாத்தா:
அந்த நாலுக்கு மட்டும் 220 ஓம். கொப்புளம் ஆறட்டும், அப்புறம் பாருங்க.