நரிவால் ஆர்க்கிட் மரத்தைக் கெடுக்குமா?

சேர்வராயன்வாசி (கேள்வி):
ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்துப் பழைய பலா மரங்களில் நரிவால் ஆர்க்கிட் நிறைய வளர்ந்திருக்கிறது. கோடை முடியும் வேளையில், வெள்ளையில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் கொண்ட பூங்கொத்துகள் அடர்ந்து தொங்குகின்றன. இவை மரத்தின் சாற்றை உறிஞ்சுகின்றன என்று சொல்லி, கவாத்தின்போது சுரண்டி எறிய வேலையாட்கள் முனைகிறார்கள். அது சரிதானா? சில செடிகளைச் சேலத்து வீட்டுக்குக் கொண்டுபோகலாமா?

பட்டைவேர்:
தயவுசெய்து சுரண்ட விடாதீர்கள். புல்லுருவிதான் மரத்தின் திசுவுக்குள் வேரைச் செலுத்திச் சாற்றை எடுப்பது. நரிவால் ஆர்க்கிட்டோ தொற்றுத் தாவரம், இதன் வேர்கள் பட்டையின் மேற்பரப்பைப் பற்றிக்கொள்வதோடு சரி. அந்த வேரைச் சுற்றி இறந்த செல்களாலான, பஞ்சு போன்ற ஓர் உறை இருக்கிறது. வெயிலில் வெள்ளி நிறமாகத் தெரியும் அவ்வுறை, மழையும் பனியும் பட்டவுடன் நீரை ஈர்த்துக்கொண்டு, உள்ளேயுள்ள பச்சையம் தெரியும்படி நிறம் மாறுவதை நீங்களே பார்க்கலாம். பட்டையில் வழிந்து வரும் மழைநீரிலும் மட்கிய இலைத்தூளிலும் கரைந்திருப்பவையே அதற்கு உணவு.

காமரூபி:
ரிங்கோஸ்டைலிஸ் ரெட்டூசா என்னும் இவ்வினம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும், இலங்கை, நேபாளம் முதல் தென்கிழக்கு ஆசியா வரையிலும் பரவியிருக்கிறது. அசாமின் மாநில மலரும் இதுவே. அங்கே 'கொபௌ' என்பார்கள், சித்திரை பிறக்கும்போது வரும் பிஹு ஆட்டத்தில் பெண்கள் இதைக் கொண்டையில் சூடுவார்கள். பிரம்மபுத்திராவின் சமவெளியிலேயே தழைக்கும் செடி என்பதால் வெப்பம் மட்டும் இதற்குத் தடையன்று. காற்றின் ஈரமும் பழைய மரத்தின் சொரசொரப்பான பட்டையுமே முதன்மையானவை. தூசி போன்ற இதன் விதைகளில் சேமித்த உணவு ஏறக்குறைய இல்லாததால், பட்டையில் தகுந்த பூஞ்சை துணை நின்றால்தான் காட்டில் அவை முளைக்கும். ஆகவே பலாவை வெட்டிவிட்டு சில்வர் ஓக் நடுகிறவர்கள் இழப்பது ஒரு மரத்தை மட்டுமன்று. அடுத்த தலைமுறைச் செடிகள் முளைப்பதற்கான இடத்தையும் சேர்த்தே இழக்கிறார்கள் என்பது என் உறுதியான கருத்து.

பட்டைவேர்:
சேலத்துக்குக் கொண்டுபோவதை நான் ஏற்கமாட்டேன். பட்டையிலிருந்து பிய்க்கும்போது வேர்நுனிகள் ஒடிந்துவிடுகின்றன. பிறகு வறண்ட மாடிக்காற்றில் செடி மெல்ல மெல்லக் காய்ந்துபோகும். காப்புக்காட்டிலிருந்து அனுமதியின்றி எடுப்பதோ குற்றமே. வீட்டில் வளர்க்க விரும்பினால், ஆய்வுக்கூடத்தில் விதையிலிருந்து வளர்த்த கன்றுகளை நாற்றுப்பண்ணையில் வாங்கிக்கொள்ளுங்கள். காற்றில் கிளை முறிந்து விழுந்தால், செடியைப் பிரிக்காமல் கிளைத்துண்டோடு அறுத்து, அருகிலுள்ள பலாவின் நிழல்பக்கத்தில், மழைக்காலத் தொடக்கத்தில் தேங்காய் நார்க்கயிற்றால் கட்டுங்கள். வேர்களின் மேல் மண்ணோ சாணமோ அப்ப வேண்டாம், அவற்றுக்குக் காற்றோட்டம் தேவை. புது வேர்கள் பட்டையைப் பிடித்த பின் கயிறு தானே மட்கிப்போகும்.