6வி6 கிட்டார் ஆம்புக்கு எந்த ட்ரான்ஸ்ஃபார்மர், எந்த ரெக்டிஃபையர்?

வணக்கம் அண்ணன்மாரே. களியக்காவிளைக்குப் பக்கம் வீடு. 1950களின் ஃபெண்டர் ட்வீட் டீலக்ஸ் (5இ3) மாதிரி ஒரு வால்வு ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) கட்டுகிறேன்: ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வுகளாக இரண்டு 6வி6, முன்னால் சிக்னலைப் பெருக்க ஒரு 12ஏஒய்7, ஒரு 12ஏஎக்ஸ்7, ஏசியை டிசி ஆக்கும் ரெக்டிஃபையருக்கு 5ஒய்3 வால்வு. அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் கிடைத்துவிட்டது. சிக்கல் பவர் ட்ரான்ஸ்ஃபார்மர்தான்.

பழைய வால்வு ரேடியோவில் கழற்றிய ஒன்று இருக்கிறது. 250-0-250 (நடுவிலிருந்து இரு பக்கமும் 250 வோல்ட்), ஆனால் 70 மில்லி ஆம்பியர்தான்; 5ஒய்3யின் ஹீட்டருக்கு வேண்டிய 5 வோல்ட் வைண்டிங்கும் இல்லை. இரண்டு 6வி6 சும்மா நிற்கும்போதே அவ்வளவையும் குடித்துவிடும். அதனால் பாறசாலையில் காயில் கட்டுபவரிடம் புதிதாகச் சுற்றச் சொல்லப் போகிறேன்: 325-0-325 வோல்ட் 120 மில்லி ஆம்பியர், 6.3 வோல்ட் 3 ஆம்பியர், 5 வோல்ட் 2 ஆம்பியர்.

இங்கே ராத்திரியில் லைன் 250 வோல்ட் வரை ஏறுகிறது. 230க்குச் சுற்றினால் 325 என்பது 353 ஆகிவிடும், வால்வுகளைச் சூடாக்கும் 6.3 வோல்ட் ஹீட்டர் சப்ளையும் 6.8ஐத் தொடும். பிரைமரியில் (லைன் சேரும் பக்கம்) 230, 250 என இரண்டு டேப், அதாவது தனித்தனி இணைப்பு முனை, வைத்தால் போதுமா, இல்லை 300-0-300க்கு இறங்குவது நல்லதா?

அப்புறம் ரெக்டிஃபையர். 5ஒய்3 சுமையில் ஐம்பது அறுபது வோல்ட்டை விழுங்கும். ஓங்கி மீட்டினால் சத்தம் அமுங்கி எழும். எனக்கு வேண்டியது அதுதான். அதைவிடக் குறைவாக விழுங்கும் ஜிஇசட்34 ரெக்டிஃபையர் வால்வு போட்டால் வோல்ட்டேஜ் ஏறி 6வி6தான் அடி வாங்கும். ரெக்டிஃபையருக்கு அடுத்த முதல் கப்பாசிட்டர் 16 மைக்ரோஃபாரட். 47 போடச் சொல்பவர்கள், அவ்வளவு பெரியதைத் தாங்காத 5ஒய்3யை நினைத்துப் பார்க்கவில்லை. நல்ல 5ஒய்3 கிடைக்காவிட்டால், 1என்4007 சிலிக்கான் டயோடுகளுடன் தொடரில் ஒரு ரெசிஸ்டர் வைத்து அந்த அமுக்கத்தைக் கொண்டுவர முடியுமா? எத்தனை ஓம், எத்தனை வாட்? கட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.