புதுப்பிப்பு: கிரேக்கத் தீவுப் பயணம் முடிவாகிவிட்டது

சாண்டோரினி, மிக்கோனோஸ், பாரோஸ், நக்சோஸ் நான்கையும் 8 நாளில் பார்க்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். ஓய்வுக்குப் போகிறீர்களா, கப்பல் ஏறி இறங்கவா என்று ஒருவர் திருப்பிக் கேட்டது மனைவிக்குச் சரியென்று பட, முதல் இரண்டையும் விட்டுவிட்டோம். நக்சோஸில் 5 இரவு, பாரோஸில் 3. நடுவே கப்பலில் சுமார் ஒரு மணி நேரம்தான்.

ஜூலை, ஆகஸ்டில் மெல்தெமி என்ற வடகாற்று பலமாக அடிக்கும் என்பதால் செப்டம்பர் கடைசிக்குத் தள்ளினோம், கடல் அப்போதும் குளிக்க இதமாகவே இருக்கும். ஏதென்ஸ் அருகே உள்ள பிரேயஸ் துறைமுகத்திலிருந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஓடும் பெரிய கப்பலிலேயே டிக்கெட் போட்டாயிற்று, மேல்தளத்தில் காற்றாட உட்கார்ந்து போகலாம்.

அப்புறம் நக்சோஸில் உள்ள போர்த்தாரா! கி.மு. 6ஆம் நூற்றாண்டில் தொடங்கி முடிக்காமலே விட்ட கோயிலின் பளிங்கு வாசல் அது, அதன் வழியாகச் சூரியன் மறைவதை இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். வழிகாட்டிய எல்லோருக்கும் நன்றி.