புதுப்பிப்பு: டொயோட்டா கொரோலா ஏஈ100 கார், கோட் (கோளாறு எண்) 22

ஜப்பானிலிருந்து இறக்கிய இந்தக் காரில் பொனட்டுக்குள் இருக்கும் டயக்னோசிஸ் பெட்டியில் டீஈ1, ஈ1 என்ற இரண்டு முனைகளையும் சிறு வயரால் இணைத்து, சாவியை மட்டும் ஓன் செய்து கோட் எடுப்பதை முன்பு எழுதியிருந்தேன். செக் எஞ்சின் விளக்கில் வந்தது இரண்டு சிமிட்டல், இடைவெளி, மீண்டும் இரண்டு. அதாவது கோட் 22: கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்ப சென்சார் சுற்றில் கோளாறு.

உடனே சென்சார் வாங்காதீர்கள், முதலில் மீட்டர் வையுங்கள். 20 பாகை செல்சியஸில் 2–3 கிலோ ஓம், 80இல் 200–400 ஓம் காட்டினால் சென்சார் நல்லது. இங்கே அப்படித்தான் காட்டியது. சென்சார் கனெக்டருக்குள் பச்சை பூத்திருந்த உலோக ஊசிதான் கோளாறு. சுற்று அறுந்தாலும் ஷோர்ட் ஆனாலும் இதே கோட்தான் வரும், ஆகவே வயரையும் ஈசியூ (எஞ்சின் கணினி) வரை சோதியுங்கள்.

சுத்தம் செய்தபின் 15 ஆம்பியர் ஈஎஃப்ஐ (எரிபொருள் செலுத்தும் அமைப்பு) ஃபியூஸை 30 விநாடி கழற்றி மாட்டியதில் கோட் அழிந்தது. இப்போது விளக்கு இடைவிடாமல் சீராகச் சிமிட்டுகிறது: கோட் எதுவும் இல்லை.